நண்பன் மறைத்த பையன்

பத்து வயதுப் பையன் ஒருவனைக் கொன்றுவிடச் சொல்லி உத்தரவு வருகிறது. போட்டவர் நொபுநாகா. பதினாறாம் நூற்றாண்டு ஜப்பானில் அவர் சொன்னால் சொன்னதுதான். மறுபேச்சுப் பேசினால் தலை தப்பாது! பையன் செய்த தப்பு? ஒன்றுமில்லை. அவனுடைய அப்பா குரோதா கான்பே துரோகி என்று நொபுநாகா நினைத்துவிட்டார். அவ்வளவுதான்.

கான்பே, 1546-ல் ஹிமேஜியில் பிறந்த சாமுராய். வாளைவிட மூளையை நம்பியவர். நொபுநாகாவின் தளபதி ஹிதேயோஷிக்கு யுத்த யோசனை சொல்கிறவர். தன் விசுவாசத்துக்கு ஜாமீனாக மகன் ஷோஜுமாருவைப் பணயமாக ஒப்படைத்திருந்தார். அன்றைய ஜப்பானில் இது சர்வ சாதாரணம்.

1578-ல் அராகி முராஷிகே என்ற பிரபு நொபுநாகாவை எதிர்த்துக் கிளம்பினார். அவரிடம் சமாதானம் பேச, அரியோகா கோட்டைக்குள் போனார் கான்பே. போனவர் போனவர்தான்! பிடித்துச் சிறையில் தள்ளிவிட்டார்கள். ஆளும் திரும்பவில்லை, தகவலும் இல்லை. கட்சி மாறிவிட்டான் என்று முடிவு கட்டினார் நொபுநாகா.

இந்த இடத்தில் குறுக்கே வருகிறார் தாகேனகா ஹன்பே. அவரும் ஹிதேயோஷியின் ஆலோசகர்தான். ஒரே முதலாளியிடம் இரண்டு மூளைக்காரர்கள் இருந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆனால், ஹன்பே பையனை ரகசியமாக ஒளித்து வைத்தார். செத்துவிட்டான் என்று நொபுநாகாவை நம்பவும் வைத்தார். குட்டு உடைந்தால் முதலில் உருளப்போவது அவர் தலை!

உடைவதற்குள் ஹன்பேயே போய்ச் சேர்ந்துவிட்டார். 1579-ல், மிகி கோட்டை முற்றுகையின்போது, நோயில். வயது முப்பத்தைந்துதான். அடுத்த சில மாதங்களில் அரியோகா விழுந்தது. சிறையிலிருந்து கான்பேயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் முடங்கிக் கிடந்ததில் கால் ஊனமாகிவிட்டது. துரோகி இல்லை என்று தெரிந்ததும் வெலவெலத்துப் போனார் நொபுநாகா. பையன் உயிரோடு வந்து நின்றான். கையெடுத்துக் கும்பிடத்தான் நண்பன் இல்லை.

அதே காலோடுதான் கான்பே அப்புறமும் யுத்தங்களுக்குப் போனார். 1582-ல் அணை கட்டி, ஆற்றைத் திருப்பி, தகாமத்சு கோட்டையைத் தண்ணீரில் மிதக்கவிட்டது அவர் யோசனை என்பார்கள்.

1600. ஜப்பானின் தலையெழுத்தை மாற்றிய செகிகஹாரா யுத்தம். ஷோஜுமாரு இப்போது நாகமசா என்ற பெயரில் பெரிய பிரபு. அவர் பக்கத்திலேயே படையோடு நின்றவர் ஷிகேகாடோ, ஹன்பேயின் மகன். அன்றைக்கு நாகமசா போட்டிருந்த தலைக்கவசம்கூட ஒரு காலத்தில் ஹன்பே அணிந்ததுதான் என்று சொல்கிறார்கள்.