ஒரு தண்ணீர்த் தொட்டியின் கதை

மாலையில் நம் பூங்காவில் பத்து நிமிடம் உட்கார முடிவதில்லை. கொசு பிடுங்கி எடுக்கிறது. "புகை மருந்து எப்போது அடிப்பீர்கள்?" என்று கேட்கிறீர்கள். அதற்கு முன் ஒரு பழைய கதை.

1883-ல் பெங்களூரில் பணிபுரிந்த இளம் ராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸுக்கும் இதே தொல்லைதான். தன் பங்களாவில் ஏன் இத்தனை கொசு என்று தேடினார். ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. மற்ற இடங்களிலும் இப்படிச் செய்யலாமே என்று ராணுவ அதிகாரியிடம் சொன்னார். இயற்கையின் ஒழுங்கில் தலையிடக் கூடாது என்று அவர் மறுத்துவிட்டார்.

கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பு அன்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. 14 ஆண்டுகள் கழித்து, 1897 ஆகஸ்ட் 20 அன்று, செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர் அதே ராஸ்தான். 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆகஸ்ட் 20 இன்று உலக கொசு நாள்.

புகை மருந்து பறக்கும் கொசுவைத்தான் கொல்லும்; தண்ணீரிலுள்ள புழுவை ஒன்றும் செய்யாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பூந்தொட்டித் தட்டில் தேங்கும் நல்ல தண்ணீரிலேயே வளரும். முட்டை கொசுவாக ஏறக்குறைய பத்து நாள் போதும். காய்ந்த தட்டிலும் முட்டை பல மாதம் உயிரோடு ஒட்டியிருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவுங்கள்.

இந்த ஞாயிறு பால்கனியை ஒருமுறை பாருங்கள். ஊருக்குப் போகிறவர்கள் தட்டுகளையும் வாளிகளையும் கவிழ்த்துவிட்டுப் புறப்படுங்கள்.