கேக்வாக்கும் கரும்பும்: "ஈஸி" வேலையை யார் செய்றாங்க?

ஐ.டி. ஆபீஸ்ல அடிக்கடி காதுல விழற வார்த்தை: "இந்த டாஸ்க்கா? கேக்வாக் பா!" நம்ம ஊர்ல "அல்வா சாப்பிடுற மாதிரி"ன்னு சொல்வோமே, அதே அர்த்தம்தான். ஆனா கேக்வாக்னா முதல்ல ஒரு நடனத்தோட பேரு.

அமெரிக்காவின் தென்மாநிலத் தோட்டங்கள்ல அடிமைகளா இருந்த கறுப்பின மக்கள் ஆடின நடனம் அது. ஜோடியா, முதுகைப் பின்னால சாய்ச்சு, காலை உயரத் தூக்கி நடப்பாங்க. முதலாளிகளோட பந்தாவான நடையைக் கிண்டல் பண்றதும் அதுல உண்டு. நல்லா ஆடினவங்களுக்குக் கேக் பரிசு. 1903ல் 'இன் டஹோமி' என்ற இசை நாடகத்தோட லண்டன் மேடைக்கே அது போச்சு. உடம்பை வருத்தி ஆடுற ஆட்டத்தோட பேரு எப்படி "சுலபம்"னு ஆச்சு? என் கணிப்பு: அந்த அர்த்தத்தைக் கொடுத்தது ஆடினவங்க இல்ல, வேடிக்கை பார்த்தவங்க.

நம்ம பழமொழியையே எடுத்துக்கோங்க: "கரும்பு தின்னக் கூலியா?" இதுவும் தின்றவரோட பார்வைதான். திண்டிவனத்துலேருந்து விழுப்புரம் போற வழியில, முண்டியம்பாக்கத்துல சர்க்கரை ஆலை இருக்கு. கரும்பு லோடு ஏத்தின டிராக்டர்களை அந்தப் பக்கம் பார்த்திருப்பீங்க. அடிக்கரும்புலதான் இனிப்பு அதிகம். அதனால குனிஞ்சு, தரையை ஒட்டி வெட்டணும். தோகை கையைக் கிழிக்கும். வெட்டின கரும்பு காயக் காய சர்க்கரை குறையும், சீக்கிரம் ஆலைக்குப் போகணும். இதுக்கு வெட்டுக்கூலி டன் கணக்குல. கரும்பு தின்னக் கூலி கிடையாது, சரி. வெட்டக் கூலி உண்டு. அந்தக் கூலிக்குப் பின்னாடி பெரிய வரலாறே இருக்கு.

1993 வரைக்கும் விழுப்புரமும் திண்டிவனமும் தென்னாற்காடு மாவட்டத்துல இருந்தது. தென்னாற்காடு, வடாற்காடு, தஞ்சாவூர்னு பல மாவட்டத்து மக்கள் ஒப்பந்தக் கூலிகளா கடல் கடந்து கரும்புத் தோட்டங்களுக்குப் போனாங்க. 1860 நவம்பர் 16ல், சென்னையிலேருந்து கிளம்பின 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைஞ்சது. ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாசம் பத்து ஷில்லிங் சம்பளம். பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துல நம்ம பெண்கள் பட்ட பாட்டை பாரதியார் பாடினார். அங்க ஒப்பந்தக் கூலி முறை முழுசா முடிஞ்சது 1920ல்தான். அந்தச் சர்க்கரையை டீயில கலக்கிக் குடிச்சவங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்க வாய்ப்பு கம்மி.

இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் விமானிகள் "பீஸ் ஆஃப் கேக்"னு சொல்லிட்டுப் பறந்தாங்க. உயிரைப் பணயம் வெச்சவங்க அவங்களே சொன்னாங்க, அது தைரியம். மத்தவங்க செய்யப்போற வேலையைப் பார்த்து நாம சொன்னா அதுக்குப் பேரு வேற.

அதனால அடுத்த மீட்டிங்ல யாராவது "இது கேக்வாக், ரெண்டு நாள் போதும்"னு எஸ்டிமேட் கொடுத்தா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சரிங்க, ஆடப்போறது யாரு?"