மனிதர் ஆக்கிய ஏரிகள்

ஏரிகள் யாவும் ஒரே வழியில் தோன்றியவை அல்ல. இமயத்தின் ஏரிகள் பலவற்றைப் பனியாறுகள் குடைந்தன. மராட்டிய மாநிலத்து லோனாரை விண்கல் அகழ்ந்தது. ஒடிசாவின் சிலிகாவை அலை குவித்த மணல்திட்டு கடலினின்று பிரித்தது.

ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு அண்மையிலுள்ள அல்சூர் ஏரியோ மனிதர் ஆக்கியது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் வற்றாத ஆறு இல்லை. ஆகவே முன்னோர் பள்ளங்களின் குறுக்கே கரை எழுப்பி மழைநீரைத் தேக்கினர். ஓர் ஏரி நிறைந்தால் மிகுநீர் அடுத்த ஏரியை அடைந்தது. நம் பாண்டிநாட்டுக் கண்மாய்களின் முறையும் இதுவே.

1890களில் ஹெசரகட்டாவிலிருந்தும், 1974இல் காவிரியிலிருந்தும் குழாய்நீர் வந்தது. ஏரிகளை நகரம் மறந்தது. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்கின்றது. மனிதர் கட்டிய ஏரி, மனிதர் பேணும் வரையில்தான் ஏரி.