“இன்று முதல்” என்னும் சொல்லின் வரலாறு

ஆங்கிலச் சட்ட ஆவணங்களில் ‘ஹென்ஸ்பார்வர்டு’ என்றொரு சொல் வரும். பேச்சு வழக்கில் இதைக் கேட்பது அரிது. ‘இன்று முதல்’, ‘இனிமேல்’ என்பது இதன் பொருள். ‘தென்ஸ்பார்வர்டு’ என்று இன்னொரு சொல்லும் உண்டு. அதற்கு ‘அன்று முதல்’ என்று பொருள். தமிழில் இன்று, அன்று என முதலெழுத்து மாறப் பொருள் மாறுவதைப் போன்றதே இதுவும்.

இவ்விரு சொற்களும் பல இலட்சம் மக்களின் வாழ்வைச் சுமந்து நின்ற காலத்தை இன்று காண்போம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தி, கரும்புத் தோட்டங்களில் கறுப்பின மக்கள் அடிமைகளாக உழைத்தனர். அம்மாநிலங்கள் நாட்டிலிருந்து பிரிய முற்பட்டதால் 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1862 செப்டம்பர் 22ஆம் நாள் அதிபர் ஆபிரகாம் லிங்கன் ஒரு முன்னறிவிப்பை வெளியிட்டார். வரும் 1863 ஜனவரி முதல் நாளில் எப்பகுதிகள் கிளர்ச்சியில் இருக்கின்றனவோ, அப்பகுதிகளின் அடிமைகள் அன்று முதல் என்றென்றும் விடுதலை பெற்றவர் என்றார். அந்த நாள் இனிமேல்தான் வரவேண்டியிருந்தது. ஆகவே ‘தென்ஸ்பார்வர்டு’ என்று எழுதினார். நாள் வந்ததும் வெளியிட்ட விடுதலைப் பிரகடனத்தில் ‘ஹென்ஸ்பார்வர்டு’ என்று எழுதினார். நாளைக்கு என்று சொன்னது இன்றைக்கு என்றாயிற்று.

அன்றே எல்லாருடைய விலங்கும் அறுந்ததா? இல்லை. பிரிந்து போகாத கெண்டக்கி, மேரிலாந்து, டெலவேர், மிசூரி ஆகிய மாநிலங்களுக்குப் பிரகடனம் பொருந்தவில்லை. அரசுப் படை சென்று சேராத இடங்களில் முதலாளிகள் அடிமைகளை விடவில்லை. டெக்சஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரில் ஜெனரல் கிரேஞ்சர் விடுதலை ஆணையை வெளியிட்டது 1865 ஜூன் 19ஆம் நாள். ‘இன்று முதல்’ என்ற சொல் அங்கே வந்து சேர ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஆயின! அதே ஆண்டு டிசம்பரில்தான் அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாம் திருத்தம் நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்தது. ஜூன் 19ஆம் நாள் 2021 முதல் அமெரிக்காவில் தேசிய விடுமுறையாக உள்ளது.

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் இத்தகைய சொற்களைப் பரீட்சைக்காக மட்டும் கற்கவில்லை. நாளை அவர்கள் ஒப்பந்தத் தாளில் கையொப்பமிடுவார்கள். அதில் ‘இன்று முதல்’ என்றிருந்தால், எந்த நாள் முதல், யார் யாருக்கு, நிறைவேற்றுபவர் யார் என்று கேட்டறிந்த பின்பே பேனாவை எடுக்க வேண்டும். அதற்கும் சேர்த்தே நாம் அவர்களைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்.