விலைக்குப் போன கலகம்: என்.எம்.இ.யை முன்வைத்து

இங்கிலாந்தின் 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' (என்.எம்.இ.) இசை வார இதழின் கதையை, சந்தை கொன்றுபோட்ட ஒரு கலகக்காரனின் கதையாகவே பலரும் சொல்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது.

1952 மார்ச்சில் அது தொடங்கியபோது கலகம் எதுவும் கிடையாது. அந்த நவம்பரில் பெர்சி டிக்கின்ஸ் சுமார் 20 ரெக்கார்டுக் கடைகளுக்குப் போன் போட்டு, எது நல்லா விக்குதுன்னு கேட்டு, பிரிட்டனின் முதல் விற்பனைப் பட்டியலை வெளியிட்டார். கம்பெனி விளம்பரங்களை இழுக்க ஒரு வழி, அவ்வளவுதான். 'மக்கள் ரசனை' என்கிற சொல்லாடல் கடைக்காரர் கணக்கிலிருந்து பிறந்த விதம் இது.

1972இல் விற்பனை சரிந்து, மூடுகிற நிலை. முதலாளி ஐ.பி.சி. என்னும் பெருநிறுவனம். மாற்றுப் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்த நிக் கென்ட், சார்லஸ் ஷார் மரே போன்றவர்கள் உள்ளே வந்தார்கள். விற்பனை ஏறியது. மாற்றுப் பத்திரிகைகள் நலிந்துகொண்டிருக்க, அவற்றின் மொழி மட்டும் சந்தைக்குத் தேவைப்பட்டது.

சரி, அப்படியானால் எல்லாமே ஏமாத்து வேலைதானா? அப்படித் தள்ளிவிட என்னால் முடியவில்லை. 1976 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் மேடையில் எரிக் கிளாப்டன், குடியேறிகளுக்கு எதிராகப் பேசி இனாக் பவலை ஆதரித்தார். கறுப்பர்களின் ப்ளூஸை வைத்துப் பிழைத்தவர் இப்படிப் பேசலாமா என்று ரெட் சாண்டர்ஸும் தோழர்களும் எழுதிய கண்டனக் கடிதம் என்.எம்.இ.யிலும் வந்தது. 'இனவெறிக்கு எதிரான ராக்' இயக்கம் அதிலிருந்து கிளம்பியது. 1978 ஏப்ரலில் டிராஃபல்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்காவுக்குப் பல்லாயிரம் பேர் நடந்தார்கள். முதலாளியின் தாளில் கிடைத்த ஓர் இடைவெளி இத்தனையைச் செய்தது.

அந்த இடைவெளி பிறகு என்னாச்சு? 2000இல் போட்டி இதழான 'மெலடி மேக்கர்' இதனோடு இணைக்கப்பட்டது. இணையத்தில் பாட்டும் செய்தியும் சும்மா கிடைக்கத் தொடங்கின. காசு கொடுத்து வாங்குவோர் குறையவே, 2015 செப்டம்பரிலிருந்து 3 லட்சம் பிரதிகளை ரயில் நிலையங்களிலும் கடைகளிலும் இலவசமாகக் கொடுத்தார்கள். வாசகன் காசு கொடுப்பதை நிறுத்தியதும், விளம்பரதாரருக்கு விற்கப்படும் சரக்காக அவனே ஆகிவிட்டான். 2018 மார்ச்சில் வார அச்சு நின்றது. இணையதளம் தொடர்ந்தது. 2023இல் அச்சு மீண்டும் வந்தபோது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும், குறைந்த பிரதிகள் கொண்ட சேகரிப்புப் பொருளாகவே வந்தது.

ஒரு தாள் நின்னுபோனதுக்காக நான் ஒப்பாரி வைக்கவில்லை. நாளை இன்னொரு மேடையில் இன்னொருவர் அப்படிப் பேசினால், அந்தக் கடிதத்தை எங்கே போடுவது? எழுதுகிற நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுதான்.