ஆற்று நீரை அளந்த கதை



"மேட்டூரிலிருந்து இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு" என்று செய்தியில் அடிக்கடி கேட்கிறோம். ஓடுகிற ஆற்றை எப்படி அளக்கிறார்கள்? வானத்திலிருந்தே அளக்கிறார்களாமே, அது எப்படி? இந்த விவரத்தை இன்று பார்ப்போம்.

நம்ம திருவெள்ளறையிலிருந்தே தொடங்கலாம். பெருமாள் கோயிலை ஒட்டியுள்ள ஸ்வஸ்திகைக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன், தந்திவர்ம பல்லவன் காலத்தில், ஆலம்பாக்கத்துக் கம்பன் அரையன் வெட்டியது. மார்ப்பிடுகு பெருங்கிணறு என்று அதற்குப் பெயர். நாலு பக்கமும் படிகள். எத்தனை படி தண்ணீருக்கு மேலே தெரிகிறது என்று எண்ணினால் நீர்மட்டம் தெரிந்துவிடும். நிற்கிற தண்ணீருக்கு இது போதும். ஓடுகிற தண்ணீருக்குப் போதாது.

ஏன் என்றால், உங்கள் வாய்க்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 4 அடி, ஆழம் 1 அடி, தண்ணீர் நொடிக்கு 1 அடி நகர்கிறது என்றால், நொடிக்கு 4 கன அடி ஓடுகிறது. அதே மட்டத்தில் வேகம் பாதியானால் 2 கன அடிதான். ஆக, மட்டம் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

ஆற்றுக்கும் இதே கணக்குத்தான். 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். 1934-இல் மேட்டூர் அணை வந்தது. தண்ணீரைப் பிரித்துவிட அளவு தேவைப்பட்டது. இன்று காவிரியில் முசிறி போன்ற இடங்களில் மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. ஆழம், அகலம், வேகம் மூன்றையும் பலமுறை பார்த்து, இந்த மட்டத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்று அட்டவணை போட்டு வைப்பார்கள். நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் அதுதான் ஒரு டி.எம்.சி.

இனி வானத்துக்குப் போவோம். செயற்கைக்கோள் கீழ்நோக்கி ரேடார் அலையை அனுப்பும். அது தண்ணீரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் என்று பார்த்து நீர்மட்டத்தைக் கணக்கிடும். 1992-இல் அமெரிக்காவும் பிரான்சும் டோபெக்ஸ் கோளைக் கடலை அளக்க அனுப்பின. அதன் பாதை பெரிய ஆறுகளைக் கடக்கும் இடங்களில் ஆற்று மட்டமும் கிடைத்தது. 2013-இல் நம் நாடும் பிரான்சும் சேர்ந்து சரல் என்ற கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவின. ஜேசன்-2 என்ற கோளின் அளவை வைத்து, இந்தியாவிலிருந்து வரும் வெள்ளத்தை வங்கதேசம் 8 நாள் முன்கூட்டியே கணித்துப் பார்த்தது. மேல்நாட்டு அளவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை பாருங்கள்.

இந்தப் பழைய கோள்கள் தமக்கு நேர் கீழே ஒரு கோட்டைத்தான் பார்க்கும். 2022 டிசம்பர் 16-இல் ஏவிய ஸ்வாட் கோளோ இருபுறமும் தலா 50 கிலோமீட்டர் அகலத்துக்குப் பார்க்கிறது. 100 மீட்டருக்கு மேல் அகலமான ஆறுகளின் மட்டம், அகலம், சரிவு மூன்றும் கிடைக்கும். அவற்றிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடுகிறார்கள்.

அப்படியானால் கரையில் அளப்பவர் எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். ஒன்று, கோளுக்கு ஆற்றின் அடி தெரியாது. மணல் அள்ளிய இடத்தில் அடி தாழ்ந்திருக்கும். மேடிட்ட இடத்தில் உயர்ந்திருக்கும். பழைய அட்டவணையும் அப்போது பொய்த்துவிடும். ஆற்றில் இறங்கித்தான் திரும்ப அளக்க வேண்டும். இரண்டு, ஸ்வாட் ஒரே இடத்தை 21 நாளில் ஒன்றிரண்டு முறைதான் பார்க்கும். வெள்ளமோ ஓரிரு நாளில் வந்து போய்விடும். 2018 ஆகஸ்ட் 22 இரவு மேலணையில் 9 மதகுகள் இடிந்து விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட வேளையில் மணிக்கு மணி கரையில் பார்க்கிற அளவுதான் கைகொடுக்கும்.

ஆகவே வானமும் வேண்டும், கரையும் வேண்டும். உங்கள் ஊர் ஆற்றோரம், மதகோரம் அடி குறித்த அளவுப் பலகை இருக்கும். அதில் மாடு கட்டாதீர்கள், எண்ணை அழிய விடாதீர்கள். வெள்ள அறிவிப்பு வந்தால், மட்டம் இன்னும் கீழேதானே இருக்கிறது என்று ஆற்றுக்குள் மோட்டாரையும் மாட்டையும் விட்டுவைக்காதீர்கள். உடனே மேட்டுக்குக் கொண்டுபோங்கள்.