பதிவாளரின் ஏட்டில் ஒரு கப்பல்

வ.உ.சிதம்பரம் பிள்ளை கப்பல் ஓட்டிய கதை தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் சென்ற எவருக்கும் தெரியும். கடலில் கப்பல் இறங்குவதற்கு முன்னர் ஒரு கம்பெனி பதிவு செய்யப்பட்டது என்பதும் அந்தக் கதையில் ஒரு வரியாக வந்து போகும். பதிவு என்றால் என்ன, அதற்கு வழக்கறிஞர்கள் எதற்கு, அது எதைக் காத்தது, எதைக் காக்கத் தவறியது என்று நாம் பொதுவாகக் கேட்பதில்லை. இக்கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது.

சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி லிமிடெட் பதிவான நாள் 1906 அக்டோபர் 16. சரியாக ஆறு நாள் கழித்து, அக்டோபர் 22 அன்று, சென்னையில் அர்பத்நாட் வங்கி மஞ்சள் கடுதாசி கொடுத்தது. தூத்துக்குடியில் நடந்தது விடுதலைப் போராட்ட வரலாற்றிலும், சென்னையில் நடந்தது வங்கி வரலாற்றிலும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அக்காலத்து மக்கள் தம் பணத்தை எதை நம்பி ஒப்படைத்தார்கள் என்பது விளங்கும்.

அர்பத்நாட் ஒரு கூட்டு வணிக நிறுவனம். பதிவு பெற்ற லிமிடெட் கம்பெனி அல்ல. அதன் கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்பு கிடையாது. கடன்பட்டால் அவர்கள் வீட்டுச் சொத்தும் கடனுக்கு ஈடு. கேட்பதற்குப் பாதுகாப்பாகத் தோன்றும் ஏற்பாடுதான். ஆனால் கூட்டாளிகளின் கணக்கை வெளியார் பார்க்கச் சட்டத்தில் வழி இல்லை. ஓய்வூதியக்காரர்களும் விதவைகளும் ஜமீன்தார்களும் அந்தப் பெயரின் பழமையை மட்டுமே பார்த்துப் பணம் போட்டார்கள். பணம் கரைந்த செய்தி, கதவு சாத்தப்பட்ட பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. லண்டன் கூட்டாளி தற்கொலை செய்துகொண்டார். சென்னையில் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. போட்டவர்களின் சேமிப்பை அந்தத் தண்டனை மீட்டுத் தரவில்லை.

லிமிடெட் என்னும் சொல்லுக்குப் பின்னால் இருப்பது வேறொரு பேரம். பங்கு வாங்கியவர் அந்தப் பங்கின் தொகைக்கு மேல் இழக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 1855-56 ஆண்டுகளில் நிலைபெற்ற இவ்வேற்பாடு 1857-இல் இந்தியாவுக்கு வந்தது. 1882-ஆம் ஆண்டு இந்தியக் கம்பெனிகள் சட்டம் அதை விரிவாக வகுத்தது. இந்த வரம்பை அரசு இலவசமாகத் தரவில்லை. பெயரின் கடைசியில் 'லிமிடெட்' என்று எழுதிக் கடன் கொடுப்பவரை எச்சரிக்க வேண்டும். அலுவலக வாசலில் பெயர்ப்பலகை வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். பங்குதாரர் பட்டியலைப் பதிவாளரிடம் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். பொறுப்புக்கு வரம்பு கட்டுகிறவன் தன் ஏட்டைத் திறந்து வைக்க வேண்டும் என்பதே சுருக்கம். இன்று கம்பெனி நடத்துவோர் சலிப்போடு நிரப்பும் படிவங்கள் எல்லாம் இந்தப் பேரத்தின் பாக்கிதான்.

இப்போது தூத்துக்குடிக்கு வருவோம். வ.உ.சி. பிளீடர், அவர் தந்தையாரும் வழக்கறிஞர். கம்பெனியின் சட்ட ஆலோசகர்களில் சேலம் சி.விஜயராகவாச்சாரியார் ஒருவர். 1882-ஆம் ஆண்டுச் சேலம் கலவர வழக்கில் தாமே குற்றவாளியாக்கப்பட்டு, வாதாடி மீண்டவர் அவர். பின்னாளில் 1920 நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். ஆட்சியாளரின் சட்டத்தை ஆட்சியாளருக்கு எதிரே நிறுத்தத் தெரிந்தவர்கள் இவர்கள். சட்டம் கேட்டது ஏழு பேரின் கையொப்பத்தையும் ஓர் அமைப்பு முறையேட்டையும்தான். கம்பெனியின் பெயர், பதிவு அலுவலகம், நோக்கம், பங்குதாரர் பொறுப்பின் வரம்பு, மூலதனம் ஆகிய ஐந்தையும் அந்த ஏட்டில் சொல்ல வேண்டும்.

மூலதனம் பத்து லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு இரண்டு லட்சம் ரூபாய் தந்தார். நோக்கங்களில் கப்பல் ஓட்டுவது மட்டும் இல்லை; கடல்தொழிலை நம்மவருக்குப் பயிற்றுவிப்பதும் கப்பல் கட்டும் துறைகள் அமைப்பதும் இருந்தன. அரசியல் மேடையில் பேசினால் வழக்கு வரக்கூடிய ஒரு கனவு, நோக்கப் பிரிவின் வறண்ட சட்ட நடையில் பதிவாளரின் முத்திரையோடு ஏற்கப்பட்டது. வழக்கறிஞரின் உதவி என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

எதிராளியான பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியும் இதே வடிவத்தைக் கொண்டதுதான். ஏட்டளவில் இரண்டும் சமம். 1907-இல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் தூத்துக்குடி - கொழும்பு வழியில் ஓடத் தொடங்கியதும் எதிராளி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனான். இறுதியில் இலவசப் பயணமும் கையில் ஒரு குடையும் என்ற அளவுக்குப் போனதாகச் சொல்வார்கள். போட்டியாளனை ஒழிப்பதற்காக நட்டத்துக்கு விற்பதைத் தடுக்க அன்றைய இந்தியாவில் சட்டம் இல்லை. அத்தகைய விலைக்குறைப்பைத் தடுக்கும் போட்டிச் சட்டம் 2002-இல் இயற்றப்பட்டது. கம்பெனியைப் பிறப்பிக்கச் சட்டம் இருந்தது. அதன் கழுத்தை நெரிக்கும் கையைப் பிடிக்கச் சட்டம் இல்லை.

அடுத்த அடி 1908 மார்ச்சில் விழுந்தது. வ.உ.சி. கைதானார், ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தாலும் 1912 டிசம்பர் வரை அவர் சிறையில் இருந்தார். இங்கேதான் சட்டத்தின் அடிப்படைக் கற்பனை ஒன்று சோதனைக்கு உள்ளாகிறது. கம்பெனி தனி 'ஆள்'. அதை நிறுவியவர் வேறு, அது வேறு. 1896-இல் வெளியான சாலமன் வழக்குத் தீர்ப்பில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இதைத்தான் ஐயமறச் சொன்னது. அதன்படி பார்த்தால் குற்றம் சாட்டப்பட்டவர் சிதம்பரம் பிள்ளை, கம்பெனி அல்ல. பதிவு ரத்தாகவில்லை, பங்குகள் செல்லாமற் போகவில்லை. ஆயினும் 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 25 ரூபாய் கொடுத்த சிறு வணிகர் பங்குப் பத்திரத்தை நம்பிக் கொடுக்கவில்லை. சிதம்பரம் பிள்ளையை நம்பிக் கொடுத்தார். ஏட்டில் பிரிந்திருந்த இரண்டு ஆட்கள் மக்கள் மனத்தில் ஒருவராகவே இருந்தார்கள். அந்த ஒருவரைச் சிறைக்குள் வைத்தபின், மற்றவரைத் தொட வேண்டிய அவசியமே ஆட்சியாளருக்கு ஏற்படவில்லை.

அர்பத்நாட்டின் இடிபாட்டிலிருந்து எழுந்த இன்னொரு கம்பெனியையும் பார்க்க வேண்டும். பணம் இழந்தவர்களுக்காக வாதாடிய வி.கிருஷ்ணசாமி ஐயர், நகரத்தார் முதலியோரின் துணையோடு இந்தியன் வங்கியை 1907 மார்ச் 5 அன்று பதிவு செய்வித்தார். ஆகஸ்ட் 15-இல் அது தொழில் தொடங்கியது. பாரதியின் தேசியப் பாடல்களை 1907-இல் சிறு நூலாக அச்சிட்டுப் பரப்பிய அதே கிருஷ்ணசாமி ஐயர்தான். கப்பல் கம்பெனி கலைந்த 1911-ஆம் ஆண்டின் டிசம்பரில் அவரும் காலமானார். வங்கி அவரோடு போகவில்லை. 1969-இல் நாட்டுடைமையாகி, 2020-இல் அலகாபாத் வங்கியையும் தன்னோடு இணைத்துக்கொண்டு இன்றும் இருக்கிறது.

இதிலிருந்து ஒருவர் திறமையாளர், மற்றவர் அல்லர் என்று முடிவு கட்டுவது அநியாயம். கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதி. 1909-இல் உயர்நீதிமன்ற நீதிபதியானவர். அவர் வங்கியை ஒழிக்க அரசுக்குக் காரணமில்லை. இரண்டு கம்பெனிகளும் ஒரே சட்டத்தில், ஐந்து மாத இடைவெளியில் பதிவானவை. நிறுவியவர் போன பின்னும் கம்பெனி வாழும் என்னும் சட்டத்தின் வாக்குறுதி ஒன்றுக்குப் பலித்தது, மற்றொன்றுக்குப் பலிக்கவில்லை. நடுநிலையான அரசின் கீழ் மட்டுமே அந்த வாக்குறுதிக்கு மதிப்பு உண்டு என்பதைத் தூத்துக்குடி மக்கள் தங்கள் பணத்தைக் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள்.

1882-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 1913-இலும் 1956-இலும் 2013-இலும் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. தனி ஒருவரே கம்பெனி தொடங்கவும் இன்று இடமுண்டு. ஆனால் பொதுக் கம்பெனிக்கு வேண்டிய குறைந்தபட்ச எண் இன்றும் ஏழுதான்.

சிறையிலிருந்து வெளிவந்த வ.உ.சி.க்குக் கம்பெனியும் இல்லை, வழக்காடும் சன்னதும் இல்லை. தண்டனையோடு அதுவும் பறிபோயிருந்தது. பல ஆண்டுகள் கழித்து வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியில் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். பிறகு கோவில்பட்டிக்குப் போய், மறுபடியும் வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.